இரவல் சாய்வு

மனைவியைப் பார்த்துப் பல்லிளிக்கிற ஆள் என்றால் சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டுவிடலாம். அவள் ஓட்டுகிற வண்டிக்குள்ளேயே ஒருத்தன் உட்கார்ந்திருந்தால் யார் சட்டையைப் பிடிப்பது? பூபதிக்கு இரண்டு வருடமாக இதுதான் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளியும் துணியுமாக இந்துமதியின் வண்டியைக் கழுவ உட்காருவான். முன்பக்கம் இரண்டு சக்கரம், பின்பக்கம் ஒன்று. முன் மட்கார்டில் மஞ்சள் பெயின்டில் சின்னதாக எழுதியிருக்கும்: ‘சாய்வு: ஜெயசீலன்.’ அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பான். நல்ல பெயின்ட், லேசில் போகவில்லை.

மூன்று சக்கரம் என்றதும் ஆட்டோவை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டோ வளைவில் சாயாது, உள்ளே இருப்பவர்கள்தான் சாய்வார்கள். இது மோட்டார் சைக்கிள். வளைவு வந்தால் மூன்று சக்கரமும் ஒன்றாகச் சாயும். எப்போது சாய்வது, எவ்வளவு சாய்வது, எப்போது நிமிர்வது என்பதை வண்டியே பார்த்துக்கொள்ளும். அந்த வித்தையை அது ஒரு மனித உடம்பிடமிருந்து கற்றுக்கொள்கிறது. யாராவது ஒருவர் ஏறி ஓட்ட ஓட்ட, அவர் தொடை எங்கே அழுத்துகிறது, கழுத்து எந்தப் பக்கம் முந்துகிறது, மூச்சை எங்கே பிடிக்கிறார் என்றெல்லாம் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளும். அந்த ஞாபகத்துக்குத்தான் சாய்வு என்று பெயர்.

இரண்டு சக்கரக்காரர்கள் இந்த வண்டிகளை முக்காலி என்று கேலி செய்தார்கள். வாங்கியவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கால் போனவர்கள், முட்டி தேய்ந்தவர்கள், ஒருமுறை விழுந்து பயந்தவர்கள், அறுபது வயதில் மலையேற ஆசைப்பட்டவர்கள், ஒரு குறையும் இல்லாமல் சும்மா பிடித்துப்போய் வாங்கியவர்கள் என்று எல்லாரும் கலந்த கூட்டம் அது. கேலிப் பெயரையே எடுத்து ‘கோவை முக்காலிச் சங்கம்’ என்று பனியன் அடித்துப் போட்டுக்கொண்டார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புது வண்டி கம்பெனியிலிருந்து வரும்போது அதற்குள் மரக்கட்டை மாதிரி ஒரு சாய்வுதான் இருக்கும். அதில் புது ஆளை ஏற்ற மாட்டார்கள். சங்கத்தில் பழுத்த கை ஒருவர் அந்த வண்டியை வாங்கி, பகல் பூராவும் மலையில் ஏற்றி இறக்கித் தன் சாய்வை அதில் வைத்துக் கொடுப்பார். கொடுத்தவர் பெயரை மட்கார்டில் எழுதுவார்கள். அந்தப் பெயரை அழிப்பது பெரிய மரியாதைக் குறைவு.

இந்துமதிக்குச் சாய்வு வைத்துக் கொடுத்தவர் ஜெயசீலன்.

இந்து வீடு வீடாகப் போய்க் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். வடவள்ளியில் அவளுக்கென்று ஸ்கூட்டர் இருந்தது. காதுக்குள் உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்கிற சின்ன உறுப்பு ஒன்று இருக்கிறதே, அதை அரித்துத் தின்கிற நோய் ஒன்று மூன்று வருடத்துக்கு முன் அவளைப் பிடித்தது. காது நன்றாகவே கேட்டது. நின்றால்தான் தரை நழுவியது. முதலில் இடது பக்கம் போயிற்று. ஸ்கூட்டரோடு இரண்டு தடவை விழுந்த பிறகு பூபதி சாவியைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினான். நாலு மாதம் வீட்டில் கிடந்தவள் ஒருநாள், “நான் முக்காலி வாங்கப் போறனுங்க” என்றாள்.

“முக்காலியா? கெழடுக ஓட்டற வண்டி அது” என்றான் பூபதி. கல்லூரிக் காலத்திலிருந்தே வளைவுகளில் முழங்கால் தரையைத் தொட ஓட்டிப் பெயர் வாங்கியவன் அவன். பம்ப் கம்பெனியில் மோட்டார் பிரிவில் வேலை. வண்டியென்றால் இரண்டு சக்கரம், மனிதனென்றால் இரண்டு கால் என்பது அவன் கட்சி.

“கெழடுக வெளிய போகுதுகல்ல? நான் உள்ள கெடக்கறனே” என்றாள்.

வண்டி வந்தது. ஜெயசீலன் அதை மருதமலை அடிவாரத்துக்கும் ஆனைகட்டிப் பாதைக்குமாக ஓட்டி, சாயங்காலம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஐம்பதைத் தாண்டியவர். முன்வழுக்கை. இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். இந்து ஏறி உட்கார்ந்தாள், தெருக்கோடி வரை போனாள், திரும்பி வந்தாள். இறங்கும்போது கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

“ஏனுங்க, ரோடு நேரா நிக்குதுங்க! அவுங்க சாய்வு எப்பிடி இருக்குது தெரியுங்களா? யாரோ தோளைப் புடிச்சு மெல்லத் திருப்பி விடற மாதிரி இருக்குதுங்க.”

பூபதி சிரித்தான். உண்மையாகவே சந்தோஷப்பட்டுத்தான் சிரித்தான். ராத்திரி சோறு உண்ணும்போது அந்த ‘யாரோ’ மட்டும் தொண்டையில் நின்றது. எட்டு வருடம் தன் பின்னால் உட்கார்ந்து வந்தவள், ஒருநாள்கூடத் தன் ஓட்டலைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று தோன்றியது. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவன் அன்று தயாராக இல்லை. ஆனால் அது அன்றே வந்து குடியேறிவிட்டது.

அதற்கப்புறம் வளர்ந்ததற்குக் கேட்பானேன். இந்து வாசலில் வண்டியை வளைத்து நிறுத்தினால் ஜெயசீலன் வளைத்து நிறுத்துவது போல இருக்கும். கடைவீதிக் கூட்டத்தில் ஆள்களுக்கு நடுவே நெளிந்து போனால், அவர்தான் அவளை இடுப்போடு அணைத்து நெளிய வைக்கிறார் என்று தோன்றும். அவர் வழுக்கையை நினைத்துப் பார்த்தான், வயதை நினைத்துப் பார்த்தான், காலைக்கூட நினைத்துப் பார்த்தான். அப்படி நினைத்ததற்கு வெட்கமும் பட்டான். வயிற்றெரிச்சல் மட்டும் குறையவில்லை.

போன வருடம் வலது காதிலும் சமநிலை போயிற்று. இப்போது வீட்டுக்குள் அவள் சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள். குளியலறையில் கண்ணில் சோப்பு பட்டுக் கண்ணை மூடினால் அப்படியே சரிவாள், பூபதி வெளியே காவல் நிற்பான். படியில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். இறங்கி அந்த வண்டியில் உட்கார்ந்துவிட்டால் போதும், முதுகு நிமிர்ந்துகொள்ளும். மூன்று சக்கரத்தின் மீது அவள் பழைய இந்து. தெருவில் போகும்போது பார்க்கிறவர்கள் அவளுக்கு நோய் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள்.

வீட்டில் அவளைத் தாங்குவது நான், வெளியே அவளைத் தூக்கிக்கொண்டு பறப்பது அவர். பூபதி கணக்கு இப்படி ஓடியது. நான் ஊன்றுகோல், அவர் சிறகு. இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்காரர்கள் ஆனைகட்டிக்குக் கிளம்பினார்கள். பூபதியும் தன் இரண்டு சக்கர வண்டியில் பின்னாலேயே போனான். துணைக்கு வருகிறேன் என்று சொன்னான், வேவு பார்க்கத்தான் போனான். மலைப்பாதையில் முதலில் ஜெயசீலன், அடுத்து இந்து. வளைவுக்கு வளைவு இரண்டு வண்டியும் சாய்ந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டே வந்தான். இரண்டும் ஒரே அச்சு என்று அவன் கண்ணுக்குப் பட்டது. பொறாமைக்காரன் கண்ணுக்கு வேறு எப்படிப் படும்.

மேலே டீக்கடையில் வண்டிகள் நின்றன. இந்து மேசையைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்து மற்ற பெண்களோடு கதையளந்துகொண்டிருந்தாள். ஜெயசீலன் டீ டம்ளரோடு பூபதி பக்கத்தில் வந்து நின்றார்.

“அம்மிணி சாய்வப் பாத்தீங்களா தம்பி? வளைவுக்குள்ள போறப்ப ஒரு துளி தயக்கமில்லீங்க. பாக்கப் பாக்க எனக்கே பொறாமையா இருக்குது.”

“உங்க கைவேலதானுங்களே” என்றான் பூபதி. அந்த ‘ங்க’ளுக்குள் எவ்வளவு விஷம் வைக்க முடியுமோ அவ்வளவும் வைத்தான்.

“அட, அதெல்லாம் எந்தக் காலத்துலயோ!” என்று ஜெயசீலன் கையை ஆட்டிச் சிரித்தார்.

தன்னடக்கம் வேறயா என்று பூபதி பல்லைக் கடித்தான். அன்று அந்த இடத்தில் நின்று, எந்தக் காலத்தில், இப்போது என்ன என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் முக்காலிக்காரர்களிடம் முக்காலியைப் பற்றிக் கேட்பதற்கு அவன் மானம் இடம் கொடுக்கவில்லை. மோட்டார் பிரிவில் இருக்கிறவனுக்குத் தெரியாதா என்ன!

வீட்டுக்கு வந்ததும் இந்துவிடம் மெதுவாக ஆரம்பித்தான்.

“அந்த மட்கார்டுல இருக்கற பேரு வெளிறிப் போச்சு. அழிச்சுட்டு வேற பெயின்ட் அடிக்கட்டுமா?”

“வேண்டாமுங்க. வெச்சுக் குடுத்தவங்க பேர அழிக்கக் கூடாது. சங்கத்துல தப்பா நெனச்சுக்குவாங்க.”

“சரி, பேரு கெடக்கட்டும். சாய்வு? நான் வேணா என்ற சாய்வ வெச்சுக் குடுக்கட்டுமா?”

இந்து சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கண்ணை அகல விரித்து அவனைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சும்மா இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“உங்க சாய்வா? ஏனுங்க, எட்டு வருசம் உங்க பின்னாடி உசுரக் கையில புடிச்சுட்டு உக்காந்தவ நான். போங்க, போயிக் கை கழுவிட்டு வாங்க, சோறு போடறேன்.”

அவளுக்கு அது விளையாட்டு. விளையாட்டாகவே மறந்தும் போனாள். தன் வண்டியில் இருப்பது யார் சாய்வு என்பது கூடவே வாழ்கிற கணவனுக்குத் தெரியாமல் இருக்கும் என்று அவள் எப்படி நினைப்பாள்? அவனுக்கோ அந்தச் சிரிப்பு உள்ளே போய் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் முழுதும் கம்பெனியில் அவனுக்கு வேலையே ஓடவில்லை. யோசிக்க யோசிக்க அவன் செய்யப் போகிற காரியம் அவனுக்கே நியாயமாகப் படத் தொடங்கியது. அவளுக்கு இப்போது இரண்டு பக்கமும் சமநிலை இல்லை. வண்டிக்குள் இருக்கிற அடுத்தவர் உடம்புதான் அவளைத் தாங்குகிறது. தாங்குவது அடுத்தவர் உடம்பு என்றால், அது புருஷன் உடம்பாக இருந்தால் என்ன குறை? முன்னே மாதிரி இல்லாமல், அவளுக்காக மெதுவாக, பக்குவமாக ஓட்டிக் காட்டலாம். வண்டி கற்றுக்கொள்ளும். அவளும் ஒருநாள் இறங்கி வந்து, யாரோ தோளைப் பிடித்துத் திருப்பி விடுகிற மாதிரி இருக்கிறது என்பாள். அப்போது அந்த ‘யாரோ’ தானாக இருக்கலாம்.

சனிக்கிழமை மத்தியானம் இந்து தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். பூபதி கீழே இறங்கிப் போய் வண்டியில் உட்கார்ந்தான். வண்டியின் இரண்டாம் கைரேகை அவனுடையது, ஆபத்துக்கு உதவட்டும் என்று வாங்கும்போதே இந்துதான் பதியச் சொன்னாள். திரையில் தேடிப் பிடித்துத் தொட்டான். இருக்கிற சாய்வை நீக்கட்டுமா என்று வண்டி ஒரு பெண் குரலில் கேட்டது. ஆம் என்றான். “இந்தச் சாய்வுக்கு வேறு எங்கும் பிரதி இல்லை. நீக்கினால் திரும்பக் கிடைக்காது. நீக்கட்டுமா?” என்று மறுபடி கேட்டது.

பிரதி இல்லை என்பதைக் கேட்டதும் அவனுக்குத் தித்தித்தது. ஒரு காலத்தில் பேர்போன ஓட்டிகளின் சாய்வைத் திருடி விற்ற வழக்குகள் நிறைய நடந்து, ஒரு வண்டியில் பதிந்த சாய்வை எங்கேயும் பிரதி எடுத்து வைக்கக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். நல்ல சட்டம் என்று நினைத்துக்கொண்டு, “நீக்கு” என்றான். வண்டி ஒருமுறை தன்னைத்தானே இடமும் வலமும் அசைத்துப் பார்த்துவிட்டு அடங்கியது.

பிறகு மருதமலை சாலையில் பொழுது சாயும் வரை ஓட்டினான். புது மாப்பிள்ளை மாதிரி ஓட்டினான் என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளம் பார்த்து ஒதுங்கி, வேகம் பார்த்துக் குறைத்து, ஒவ்வொரு வளைவிலும் இந்து இப்போது எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்து நினைத்து ஓட்டினான். மனிதன் அன்றைக்குப் பட்டது கள்ளமில்லாத சந்தோஷம், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். திரும்பி வந்து துணியில் பெயின்ட் தின்னரைத் தொட்டு மஞ்சள் எழுத்தைத் துடைத்தான். தன் பெயரை எழுதவில்லை. அவளே எழுதச் சொல்லட்டும் என்று விட்டான்.

மறுநாள் காலை இந்து வகுப்புக்குக் கிளம்பினாள். பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு ஞாயிறன்றும் விடுமுறை கிடையாது. பூபதி அவளைப் படியிறக்கி வண்டியில் உட்கார வைத்துவிட்டு, மாடிக்கு ஓடிப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றான். வண்டி நேராகப் போன வரை ஒன்றுமில்லை. தெருமுனையில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வண்டி சாய்ந்தது. இந்துவின் உடம்பு அதோடு போகவில்லை. ஒரு கணம் வண்டி ஒருபக்கமும் அவள் ஒருபக்கமுமாக நின்றார்கள். அப்புறம் அவள் காம்பவுண்டுச் சுவரில் மோதி, கைப்பிடியை விட்டு, ரோட்டில் விழுந்தாள்.

அவன் ஓடிப் போனபோது அவள் சுவரோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. வண்டி மட்டும் மூன்று கால் ஊன்றிக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி நின்றது.

“வண்டிக்கு என்னமோ ஆயிருச்சுங்க” என்றாள் இந்து. வாயைத் துடைத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்தாள். “யாரோ என்னையப் புடிச்சுத் தள்ளற மாதிரி இருந்துதுங்க.”

யாரோ.

“நாந்தான் இந்து. அந்த ஜெயசீலன் சாய்வ எடுத்துட்டு, என்றத வெச்சேன்.”

அவள் கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் அவன் கையை விட்டுவிட்டாள்.

“ஜெயசீலனா? அதுல ஜெயசீலன் ஏதுங்க?” குரல் கத்தவில்லை, இறங்கித்தான் போயிற்று. “அது நானுங்க.”

தூக்க வந்த கையைத் தட்டிவிட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்துத் தானே வீட்டுக்கு நடந்தாள். இருபது வீடு தள்ளியிருந்த வீட்டுக்குப் போய்ச் சேர அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது. ஒவ்வொரு கேட்டிலும் நின்றாள். பூபதி வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனான். ஜன்னல்களிலிருந்து ஆட்கள் பார்த்தார்கள்.

சாயங்காலம் ஜெயசீலன் வந்தார். இந்துதான் கூப்பிட்டிருந்தாள். அவள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்ததால் இரண்டு ஆண்களும் வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள். ஜெயசீலன் கோபப்படுவார், சண்டை போடுவார் என்று பூபதி எதிர்பார்த்தான். அவர் மட்கார்டைப் பார்த்தார், துடைத்த இடத்தைப் பார்த்தார். அதுவே அடித்த மாதிரி இருந்தது.

“நாங்க வெச்சுக் குடுக்கற சாய்வு கொழந்தைக்கு நடவண்டி மாதிரிங்க தம்பி. ஓட்டறவங்க ஒடம்பு ஏற ஏற அது கரைஞ்சு போயிரும். ரெண்டு மூணு மாசம், அவ்வளவுதான். அப்பறம் உள்ள இருக்கறது பூராவும் ஓட்டறவங்களோடது. பேரு சும்மா மரியாதைக்கு.”

“எனக்கு அது தெரியாதுங்க.”

“சங்கத்துல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். கேட்டிருக்கலாமுங்க” என்றார் ஜெயசீலன். பிறகு கொஞ்சம் தணிந்து, “அம்மிணிக்கு வலது காது நல்லா இருந்துதல்ல, அந்த ஒரு வருசத்துல வண்டி கத்துக்கிட்டதுதான் அது. அப்பறம் அந்தக் காதும் போச்சு. அவுங்களுக்கே இல்லாமப் போனத வண்டி வெச்சிருந்துது. நேத்து வரைக்கும் அவுங்களத் தாங்குனது அவுங்களேதானுங்க.”

பூபதி வண்டிச் சீட்டைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கும் தரை நழுவிற்று.

“மறுபடியும் ஓட்டி ஓட்டிக் கத்துக் குடுத்துக்க முடியாதுங்களா?”

“எதை வெச்சுங்க? ஒடம்புல இருந்தாத்தான வண்டி எடுத்துக்கும்.”

“அப்ப என்ற சாய்வு? நான் மெதுவாத்தான் ஓட்டுனேன். அவளுக்காகவே ஓட்டுனேன்.”

ஜெயசீலன் செயற்கைக் காலைத் தூக்கிப் போட்டு வண்டியில் ஏறினார். தெருவைச் சுற்றி ஒரு தடவை போய்விட்டு வந்தார். இறங்கும்போது அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது.

“நல்லா ஓட்டறீங்க தம்பி. சுத்தமான கை. ஆனா வளைவு வரட்டும்னு காத்திருந்து சட்டுனு உளுகறீங்க. தனியா ஓட்டறவன் அப்பிடித்தான் ஓட்டுவான். வண்டியில இன்னொரு உசுரு இருக்குதுங்கறது உங்க சாய்வுலயே இல்லீங்க. நல்ல காது இருக்கறவங்கன்னா முன்கூட்டியே கம்பியப் புடிச்சுச் சமாளிச்சுக்குவாங்க. அவுங்களால முடியாது.”

எட்டு வருடம் அவள் தன் பின்சீட்டில் கம்பியைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். பூபதிக்கு அவள் சிரித்த சிரிப்பு இப்போதுதான் விளங்கியது. விளங்கி என்ன பிரயோஜனம்.

அடுத்த பத்துப் பதினைந்து நாள் அந்த வீட்டில் சத்தமே இல்லை. வகுப்புகள் நின்றன. பையன்களின் அம்மாக்கள் போன் செய்தார்கள், அப்புறம் செய்வதை நிறுத்தினார்கள். இந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். பூபதி தோளை நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள், பார்க்காத மாதிரி கடந்து போவாள். அவள் அவனைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டு கிடைக்காமல் அவன் இளைத்துப் போனான்.

ஒருநாள் காலை காப்பி டம்ளரை மேசையில் வைத்துவிட்டு அவளே ஆரம்பித்தாள்.

“ஜெயசீலண்ணன் சாய்வ மறுபடி வெச்சா ஓட்டலாமாம். அவுங்களுக்கும் ஒரு கால் இல்லாததுனால, தாங்கித் தாங்கித்தான் சாய்வாங்களாம். எனக்கு ஒத்துக்குமாம்.”

“சரி” என்றான் பூபதி.

“இந்த வாட்டி அது கரையாதுங்க. கரைக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல. நான் வண்டி ஓட்டற காலம் வரைக்கும் அவுங்க சாய்வுதான்.”

இரண்டு வருடமாக இல்லாத ஒன்றைப் பார்த்து வயிறெரிந்தவன் அவன். இப்போது அது நிஜமாகவே வரப் போகிறது, வாசல் திறந்து வைத்தவனும் அவனேதான். உள்ளே பழைய எரிச்சல் மறுபடி தலைதூக்கியது. அதற்கு வெட்கமே கிடையாது.

“அவுங்க தானா வந்து வெக்க மாட்டேங்கறாங்க. உங்க சம்மதம் வேணுமாம்” என்றாள் இந்து. “நீங்களே போயிக் கேளுங்க.”

“நானா?”

“நீங்கதான். எனக்காக ஒருக்கா கேளுங்க.”

அவன் போனான். ஜெயசீலன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நின்றபடியே கேட்டான். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. “இந்துவுக்கு உங்க சாய்வ வெச்சுக் குடுங்கண்ணா” என்ற ஒரு வரியைச் சொல்ல அவனுக்கு நெற்றி வியர்த்துவிட்டது. ஜெயசீலன் தலையை ஆட்டினார். அவரும் அதில் பெருமைப்பட்ட மாதிரித் தெரியவில்லை. “எனக்கும் இது கஷ்டந்தானுங்க தம்பி. அம்மிணி சாய்வு என்றத விட நல்ல சாய்வு” என்றார்.

அந்த வார இறுதியில் அவர் வண்டியை எடுத்துப் போய், வெயில் தாழக் கொண்டுவந்து நிறுத்தினார். டீ குடிக்கக் கூப்பிட்டதற்கு இன்னொரு நாள் என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமாகவே கிளம்பிப் போய்விட்டார்.

இந்து படியிறங்கினாள். பூபதி தோளைக் கொடுத்தான், பிடித்துக்கொண்டாள். வண்டியில் உட்கார்ந்து கைப்பிடியைப் பற்றியதும் முதுகு நிமிர்ந்தது. தெருமுனை வரை போனாள். வலப்பக்கம் திரும்பினாள். விழவில்லை.

பூபதி அந்தத் திருப்பத்தைப் பார்த்தான். வண்டி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக வலப்பக்கம் படுத்து, எதையோ யோசிக்கிற மாதிரி ஒரு கணம் தாமதித்து நிமிர்ந்தது. இடது கால் இல்லாத மனிதன் தன் பாரத்தையெல்லாம் நல்ல காலின் பக்கம் போட்டுச் சாய்கிற சாய்வு அது. இந்து ஒருநாளும் அப்படிச் சாய்ந்ததில்லை. அவள் வளைவுக்குள் போவது தண்ணீரில் மீன் திரும்புவது போல இருக்கும், முன்னும் பின்னும் தெரியாது. இதைத்தான் அவன் இரண்டு வருடம் மாடியிலிருந்தும் மலைப்பாதையிலும் கண்கொட்டாமல் பார்த்து வெந்து செத்திருக்கிறான். அவ்வளவு நாளும் அவன் பொறாமைப்பட்டது தன் பெண்டாட்டியைப் பார்த்துத்தான். அவனைத் தவிர வேறு யாரும் அதை அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கவும் மாட்டார்கள்.

இந்து ஒரு சுற்றுப் போய்விட்டு வாசலில் வந்து நிறுத்தினாள். முகத்தில் சிரிப்புமில்லை, அழுகையுமில்லை.

“நாளையில இருந்து வகுப்புக்குப் போறேன்” என்றாள். அப்புறம் பின்சீட்டைக் கையால் தட்டிக் காட்டினாள். “ஏறுங்க.”

“நானா? பின்னாடியா?”

“ரெண்டு பேரு பாரத்துக்கும் பழகணுமல்லங்க. ஏறுங்க.”

அவன் ஏறி உட்கார்ந்தான். வாழ்நாளில் யார் வண்டியிலும் பின்னால் உட்காராதவனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். வண்டி கிளம்பியது. தெருமுனை நெருங்கும்போதே அந்த இடுப்பு மெல்ல வலப்பக்கம் நகரத் தொடங்கியது. அது அவள் நகர்வு இல்லை என்பது அவன் உள்ளங்கைக்குத் தெரிந்தது. உடம்பு தானாக விறைத்துக்கொண்டது.

“வெறைக்காதீங்க, உளுந்துருவோம்” என்றாள் இந்து திரும்பாமலே. “அவுங்க எப்பிடிப் போறாங்களோ அப்பிடியே சாய்ஞ்சு குடுங்க.”

பூபதி கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தான்.